பன்னிரண்டு கிராம்

அது செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்.
எடைமேடைக்குப் பக்கத்தில், தகரப் பெட்டிக்குள்,
முப்பத்தொரு வருடம் மீன் நிறுத்த கணினி.
உப்புக்காற்று தின்றது போக
பலகையில் பச்சை பூத்திருந்தது.
கிளாக்ஸ்விக் துறையில் அன்று காட் மீன் நிறைய.
படகுகள் காத்திருந்தன.
மேலாளர் எலின்போர் என்னைப் பார்த்தாள்.
இங்கே பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பவளும் நான்தான்.

நிரல் எழுதிய நிறுவனம் திவாலாகிப் பல காலம்.
மூல நிரல் எவரிடமும் இல்லை.
மிஞ்சியது கட்டைவிரல் அகல ஒரு ரோம் சிப்.
அதை உறிஞ்சி எடுத்து
ஓர் எமுலேட்டருக்குள் ஊற்றினேன்.
யார் யாரோ, பிள்ளைகள் தூங்கியபின்,
வருடக்கணக்காய் எழுதிச் சேர்த்தது.
காசு கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

கூடு விட்டுக் கூடு பாய்ந்து
என் மடிக்கணினியில் கண் விழித்த கிழம்
முதல் வேலையாகத் தேதி கேட்டது,
நேற்றுத்தான் தூங்கப்போனது போல.

அச்சு அசல் அதேதான் என்றாள் எலின்போர்.
நான் அச்சைப் பார்த்தேன், பழைய தாள் சுருள்களை.
அசலில் இருப்பதைவிட
பெட்டிக்குப் பன்னிரண்டு கிராம் கூடுதல்.
எந்தப் பெட்டி வைத்தாலும் பன்னிரண்டு.

ஆறு இரவுகள்.
வெளியே ஆலங்கட்டி கூரையைத் தட்டச்சு செய்தது.
எமுலேட்டரில் பிழையே இல்லை.
சிப்புக்கான கையேடு சொன்னபடி நடந்தது,
பிசகாமல்.
பிசகியது சிப்.
கூட்டிக்கொண்டிருக்கும்போது பிரிண்டர் குறுக்கே கூப்பிட்டால்
மனதில் வைத்த ஒன்றை அது மறந்துவிடும்.
பள்ளிக்கூடத்தில் நாமும் மறந்திருக்கிறோமே,
ஏழும் எட்டும் பதினைந்து, மனதில் ஒன்று.
அந்த ஒன்றுதான்
இந்த எடைமேடையில் பன்னிரண்டு கிராம்.

நான்கு வரித் திருத்தம் எழுதி அனுப்பினேன்.
சரியாகத் தப்பு செய்ய வைக்கும் திருத்தம்.
மொந்தெவிதேயோவிலிருந்து நீடியா திருப்பி அனுப்பினாள்:
கையேட்டில் அப்படி இல்லையே.
செத்த பலகையிலிருந்து சிப்பைப் பெயர்த்து
ஐந்து வோல்ட் கொடுத்து
அது மறக்கும் கணத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
இடைவெளிகள் சரியில்லை என்று மறுபடி திருப்பினாள்.
ஒன்பது நாள் பேச்சில்லை.
பிறகு ஒரு வரி:
என்னிடம் ஒரு பின்பால் மேசை இருக்கிறது, அதிலும் இதே சிப்,
அதுவும் மறக்கிறது.
உன் தப்பு சரி. சோதனை ஒன்று எழுதிச் சேர்.

சேர்த்தேன். இணைத்தார்கள்.
பங்களித்தோர் பட்டியலில் என் பெயர்,
எங்கள் மொழிக்கே உரிய ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு.
விட்டுவிட்டேன்.

அன்று மாலை சும்மா உட்கார்ந்து
ஹானுஸின் படகுக்குக் கணக்குப் போட்டேன்.
நடைக்கு நாற்பது பெட்டி, வருடத்துக்கு நூறு நடை,
முப்பத்தொரு வருடம்.
ஏறக்குறைய ஒன்றரை டன் மீன்.
யாரும் திருடவில்லை. யாரும் தொடவுமில்லை.
அதை இப்போது நான்
உலகத்துக்கே பொதுவில், பெயர் போட்டு,
துல்லியமாக மறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

எலின்போர் ஒப்பந்தத்தைப் புரட்டினாள்.
'இயந்திரம் காட்டும் எடை.' அப்படித்தான் இருக்கிறது.
எந்த இயந்திரம் என்று கேட்டேன்.
காபியை ஊதிக்கொண்டே இருந்தாள், வெகுநேரம்.

எமுலேட்டரை நான் தொடவில்லை.
அது அந்தக் கிழத்தின் உடம்பு, நோயும் அதனுடையதே.
ஆனால் சீட்டு அச்சாகும் முன்
என் சொந்த நிரலில் ஒரே ஒரு வரி:
கூட்டு, பன்னிரண்டு.
யாருக்கும் அனுப்பாத வரி.
யாருக்கும் பயன்படாது, இந்தத் துறைக்குத் தவிர.

வியாழன் காலை ஹானுஸ் சீட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான்.
என்ன, மீன் கனத்துவிட்டதா என்றான்.
பழைய பாக்கியை எப்படிச் சொல்வதென்று
நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் அடுத்த படகுக்காரன் ஹாரன் அடித்தான்.
சீட்டை மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு
அவன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

மனதில் ஒன்று.